பேனா போகாத உள்ளறை

இலங்கையில் நாலந்தா கெடிகேக்குத் திரும்பும் சந்தியில், ஏ-9 வீதியோரம், மூன்று பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தி சிங்களம், ஒருத்தி தோட்டத்துத் தமிழ், ஒருத்தி முஸ்லிம். மூவருக்கும் வயது பதினாறு. முதல் இருவருக்குக் கலியாணம் பேசினால் பதிவாளர் பதியமாட்டார். பொதுச் சட்டமும் கண்டியச் சட்டமும் 1995 முதல் 18 என்று நிற்கின்றன. மூன்றாமவளுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். 12க்குக் கீழென்றால் மட்டும் அதில் காதி நீதிபதியின் அனுமதி தேவை.

எல்லோரும் வயதைப் பேசுகிறார்கள். அதைவிட உறுத்துவது பதிவுப் படிவம். மாப்பிள்ளை ஒப்பமிடுகிறார், பெண்ணின் வலீயாக, அதாவது பாதுகாவலராக, தகப்பன் ஒப்பமிடுகிறார், நிக்காஹ் நடத்தியவரும் ஒப்பமிடுகிறார். பெண்ணுக்கு அங்கே இடமில்லை.

கதைகள் சுற்றிச்சுற்றி இங்கேதான் வருகின்றன. தாகூரின் சிறுகதை ஒன்றில் ஒன்பது வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட உமா, புகுந்த வீட்டுக்கு ஒரு கொப்பி கொண்டுபோகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறாள். நாத்தனார்கள் இடுக்கு வழியே பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் கணவன் கொப்பியைப் பறித்துக்கொள்கிறான். அடியுமில்லை, உதையுமில்லை, கொப்பி போனதுதான் கதை. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903) பால்ய விதவை தன் வாயால் சொல்லும் கதை. ஆண் எழுதியது பெண்ணியமாகுமா என்ற சண்டை இருக்கட்டும். அந்த 'நான்' அன்றைக்குப் பெரிய துணிச்சல்.

தமிழ்நாட்டுத் துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளி நிறுத்தப்பட்ட சல்மா, மணமானபின் குளியலறையில் ஒளிந்து எழுதியவர். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) வரும் பிர்தவ்ஸ், கணவனோடு வாழமாட்டேன் என்று தாய்வீடு திரும்புகிறாள். 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் வாய்த்தது.

முஸ்லிம் விவாகச் சட்டத்தின் சீர்திருத்தம் சமூகத்துக்குள்ளிருந்தே வரவேண்டும் என்போரும் உண்டு. உள்ளிருந்து கேட்டவர்களும் முஸ்லிம் பெண்கள்தான். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை வந்தது 2018இல். குழு அமைந்த வருடம் பாலர் வகுப்பில் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குள் 14 ஆகியிருக்கும்.

தண்டனைச் சட்டக்கோவையோ 16க்குட்பட்டவளின் சம்மதம் சம்மதமல்ல என்கிறது. மனைவியாகி 12 கடந்திருந்தால் அந்தக் காவலும் விலகிக்கொள்கிறது.

நிக்காஹ் முடிந்ததும் பேனா தகப்பன் கையிலிருந்து பதிவாளரின் சட்டைப்பைக்குத் திரும்புகிறது. மணமகள் உள்ளறையில் மருதாணிக் கையோடு இருக்கிறாள்.