உவமைகளும் வாசகரும் – 14: வழக்கு மன்றத்தில் ஒரு கைம்பெண்

நல்ல சமாரியன் உவமையில் சத்திரத்தைத் திருச்சபையாகவும் சத்திரக்காரரைப் பவுலாகவும் புனித அகுஸ்தீன் கண்டதையும், ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் தேடும் அந்த உருவக விளக்கத்தை ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுத்ததையும் தொடரின் வாசகர் மறந்திருக்க மாட்டார். இவ்வாரம் லூக்கா 18ஆம் அதிகாரத்தின் நேர்மையற்ற நடுவரும் கைம்பெண்ணும்.

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயம் உட்படக் கத்தோலிக்க ஆலயங்களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 29ஆம் ஞாயிறன்று வாசிக்கப்படும் இவ்வுவமை, மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்ற மறையுரையாகவே பெரும்பாலும் முடிகிறது. லூக்காவே அவ்வாறு தொடங்குவதால் அதைப் பிழையென்று சொல்ல இயலாது. ஆயினும் கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதிக்காத நடுவரைக் கடவுளின் உருவமாகக் கொள்வது பொருந்தாது. இத்தகையவரே இறுதியில் நீதி வழங்குவாரெனில் கடவுள் எத்துணை விரைந்து வழங்குவார் என்பதே உவமையின் தருக்கம். சிறியதைக் காட்டிப் பெரியதை நிறுவும் இம்முறை யூத மறைநூல் அறிஞரிடையே வழக்கிலிருந்தது. அமெரிக்க டொமினிக்கன் சபைத் துறவி பார்பரா ரீட், ஓயாமல் நீதி கேட்கும் கைம்பெண்ணே கடவுளின் சாயல் என்கிறார்.

எந்த விளக்கத்துக்கும் முன்னர், அத்தகைய மன்றம் இயங்கிய விதத்தை அறிதல் வேண்டும். சாக்கடல் பகுதிப் பறவையொன்று இன்றும் தம் பெயரால் அழைக்கப்படும் பேறுபெற்ற ஆங்கிலேயக் குருவும் இயற்கையியலாளருமான ஹென்றி பேக்கர் டிரிஸ்ட்ராம், 1894இல் வெளிவந்த நூலில், மெசொப்பொத்தேமியாவின் நிசிபிஸ் நகரில் தாம் கண்ட வழக்கு மன்றத்தை விவரிக்கிறார். மெத்தைகளில் புதைந்து காதி அமர்ந்திருக்க, விவரமறிந்த வழக்காளிகள் கூச்சலிடாமல் எழுத்தர்களின் காதோடு பேசி, கைக்கூலி கொடுத்துத் தம் வழக்கை முன்னே நகர்த்துகின்றனர். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கதறும் ஏழைப் பெண்ணொருத்தியோ, நாள்தோறும் வந்து தொல்லை தருகிறாள் என்று அதட்டப்படுகிறாள். அவளுடைய ஒரே மகன் படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டான். நிலத்தை உழ ஆளில்லை. தனித்த கைம்பெண்ணுக்கு விலக்களிக்கப்பட வேண்டிய வரியையும் தண்டல்காரன் பறித்துக்கொண்டான். பொறுமையிழந்த காதி ஒருவழியாக விசாரித்து, சில கேள்விகளோடு வரிவிலக்கு அளிக்கிறார். எழுத்தருக்குக் கொடுக்கக் காசிருந்தால் அவள் எப்போதோ விடுபட்டிருப்பாள் என்பது டிரிஸ்ட்ராமின் கருத்து. யோவாக்கிம் எரேமியாஸ் முதலிய 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இக்காட்சியை எடுத்தாண்டதில் வியப்பில்லை: கைக்கூலி கொடுக்க இயலாதவளிடம் எஞ்சியது குரல் ஒன்றே.

கொழும்பின் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தை அறிந்த கிறிஸ்தவருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்ட 11 பேரின் பெற்றோர் நீதிமன்றப் படிகளை ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மாரைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக மறையுரையில் நிறுத்துவது உவமைக்கும் அவர்களுக்கும் இழைக்கப்படும் அநீதி. லூக்காவின் கைம்பெண் பொறுத்திருந்தவள் அல்லள்.

தாலந்துகள் உவமையில் பணத்தைப் புதைத்து வைத்த மூன்றாம் பணியாளரை வில்லியம் ஹெர்சாக் 1994இல் ஏன் நேர்மையாளராகக் கண்டார் என்பது இவ்வாரத்துக்கென வாக்களிக்கப்பட்டிருந்தது. அது அடுத்த வாரம் வரும். அதற்குள் வாசகர் மத்தேயு 25:14–30ஐ, அந்தத் தலைவர் கடவுளே என்று முன்னரே முடிவுசெய்துவிடாமல், ஒருமுறை வாசித்து வைத்தல் நலம்.