ஒரே திருகு, பலவித மரைகள்: எப்படி?

பழைய அமெரிக்க லேத்தில் தனி மோட்டார் கிடையாது. பட்டறைக் கூரையோரம் ஓடும் நீண்ட தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி, படிப்படியான கப்பியைச் சுழற்றும். பெல்ட்டைப் படி மாற்றினால் வேகம் மாறும். இன்னும் மெதுவாக வேண்டுமா, பேக் கியரைப் போட வேண்டும்.

மரை வெட்டுவதுதான் சுவாரசியம். பொருள் ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி நகரும் தூரமே மரையின் இடைவெளி. கையால் தள்ளினால் சீராக வராது. அந்தப் பொறுப்பு லீடு ஸ்குரூ என்ற நீண்ட திருகுக்கு. அதில் அங்குலத்துக்கு 8 மரை என்று வையுங்கள். பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் 24 பல், லீடு ஸ்குரூவில் 48 பல் கியர் மாட்டினால், ஸ்பிண்டில் இரண்டு சுற்று வரும்போது திருகு ஒரே சுற்று. பொருளில் அங்குலத்துக்கு 16 மரை விழும். நடுவில் வெறுமனே சுழலும் ஐடிலர் கியருக்கு எத்தனை பல் இருந்தாலும் கணக்கு மாறாது. புதியவர்கள் இதை லேசில் நம்புவதில்லை.

ரோட் ஐலண்டின் டேவிட் வில்கின்சன் திருகு வெட்டும் லேத்துக்கு 1798-இல் காப்புரிமை பெற்றார். ஆனாலும் மரைக்கு மரை கியரைக் கழற்றி மாட்டும் எரிச்சல் நெடுங்காலம் நீடித்தது. 1892-இல் வெண்டல் நார்ட்டன் காப்புரிமை பெற்ற அமைப்பில், சிறிதும் பெரிதுமான கியர்கள் ஒரே தண்டில் கூம்பாக அடுக்கியிருக்கும். நெம்புகோலை அடுத்த துளைக்கு நகர்த்தினால் விகிதம் மாறிவிடும்.