ஜாடிக்குள் ஒரு குற்றாலம்

ஆடி மாதத்தில் தென்காசிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நின்றிருப்பீர்கள். நின்றிருப்பீர்கள் என்ன, காற்றே உங்களை நிறுத்தியிருக்கும்! புடவைத் தலைப்பை ஒரு கையாலும் குழந்தையை மறு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம், மலைத் தொடரில் ஓர் இடைவெளி இருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவ மழை, மிச்சம் மீதி ஈரத்தை அந்த வழியாகத் தென்காசிச் சீமைக்கு அனுப்பி வைக்கிறது. அதுதான் சாரல். குடை பிடிக்கும்படி நனைக்காது. குடை இல்லாமல் நின்றால் உலரவும் விடாது.

அங்கிருந்து ஐந்தே கிலோ மீட்டரில் குற்றாலம். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்தபின், ஓரத்துப் பாறைகளைச் சற்றுப் பாருங்கள். பச்சை வெல்வெட்டைப் போர்த்தியது போலப் பாசி. குளத்துப் படியில் வழுக்கிவிடும் பாசி அல்ல. சின்னஞ்சிறு இலைகளோடு அடர்த்தியாக வளரும் பாசி இது. அதன் நடுவே, சீப்புப் பற்கள் போல இலை விரித்து நிற்கும் பெரணிச் செடிகள். பூ இல்லை, காய் இல்லை. ஆனாலும் பார்த்த கண்ணை எடுக்க முடியாது.

சென்ற ஆண்டு நானும் கண்ணை எடுக்கவில்லை. அதோடு நிற்காமல் பாசியையே எடுத்துவிட்டேன்! ஐந்தருவிப் பாதையோரம் ஒரு கைப்பிடி பாசியையும் இரண்டு பெரணிக் கன்றுகளையும் பெயர்த்து, டிபன் டப்பாவில் வைத்து மூடினேன். அருகே சுக்குக் காப்பி விற்றுக்கொண்டிருந்த பாட்டி இதைப் பார்த்துவிட்டார்.

“எம்மா, பாசிய எடுத்துட்டிய. சாரல எதுல கொண்டு போவிய?” என்றார்.

நான் சிரித்து மழுப்பிவிட்டு ரயில் ஏறினேன்.

சென்னைக்கு வந்ததும் மிட்டாய் கடை ஜாடி ஒன்றை வாங்கி, மண் போட்டுப் பாசியைப் பதித்தேன். வெளிச்சம் வேண்டுமே என்று வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். குற்றாலத்துச் செடியாயிற்றே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பாசி கறுத்துக் கூழாகிக் கிடந்தது. பாட்டியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நான் செய்த பிழை என்ன? பாசிக்கு மற்றச் செடிகளைப் போல உண்மையான வேர் கிடையாது. தண்ணீரை உடம்பு முழுவதாலும் குடிக்கிறது. அதற்கு வேண்டியது காற்றில் ஈரம். காலடியில் குளம் அல்ல. அருவிப் பாறையில் தண்ணீர் பட்டாலும் உடனே வழிந்தோடி விடுகிறது. என் ஜாடியில் வழிந்தோட இடமேது? போதாததற்கு, மூடிய கண்ணாடிக்குள் வெயில் விழுந்தால் அது இட்லிப் பானைதான்!

இந்தச் சங்கதியை உலகுக்குச் சொன்னவர் லண்டன் டாக்டர் ஒருவர். நதேனியல் பாக்ஷா வார்டு என்று பெயர். பெரணி வளர்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஊரெங்கும் நிலக்கரிப் புகை, நட்டதெல்லாம் பட்டுப்போயிற்று. 1829-ஆம் ஆண்டு, விட்டில் பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதற்காக ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து பாட்டிலில் மூடி வைத்தார். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலை நீட்டின! பகலில் மண்ணின் ஈரம் ஆவியாக எழுந்து, கண்ணாடியில் துளியாகப் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியது. தண்ணீரே ஊற்றாமல் ஏறக்குறைய நான்கு வருஷம் அவை வாழ்ந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழை நீர் உள்ளே புகுந்து செத்தன. அதிகத் தண்ணீர்தான் அங்கேயும் எமன்!

1833-இல் அவர் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். மாதக் கணக்கான கடல் யாத்திரைக்குப் பிறகும் அவை பசுமையாகப் போய்ச் சேர்ந்தன. பின்னாளில் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைத் தோட்டங்களுக்கும், மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தரும் சின்கோனா நீலகிரிக்கும் வந்தது இத்தகைய பெட்டிகளில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். காலி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தபோது மாமியார் கேட்டார்: “இதற்காகவா குற்றாலம் வரை போனாய்? நம் மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இல்லாத பாசியா?” மாடிக்கு ஓடினேன். தொட்டி கசிகிற நிழல் பக்கத்தில் அதே பச்சை வெல்வெட்! சுவர் வெடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு பெரணியும் நின்றது. சென்னை வெக்கைக்குப் பழகிய செடிகள். அவற்றை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். நீங்களும் செய்து பாருங்கள். செலவு அதிகம் இல்லை.

கை நுழையும் அளவுக்கு அகன்ற வாயுள்ள ஜாடியாகப் பாருங்கள். அடியில் ஓர் அங்குல உயரம் கூழாங்கல். மிஞ்சிய தண்ணீர் அங்கே இறங்கி நிற்கும். அதன்மேல் அரை அங்குலம் அடுப்புக் கரித் துண்டு, துர்நாற்றத்தைக் குறைக்கும். மண் கீழே இறங்காமல் இருக்க ஒரு துண்டு வலைத் துணி. பிறகு இரண்டு அங்குலத்துக்கு, நன்றாக அலசிய தேங்காய் நார்த் தூள், மணல், மக்கிய இலை மூன்றும் கலந்த கலவை. உரம் வேண்டவே வேண்டாம். முதலில் பெரணியை நட்டு, சுற்றிலும் பாசியைப் பரப்பி, கரண்டிக் காம்பால் மெதுவாக அழுத்துங்கள். இடைவெளி இருந்தால் பாசி காய்ந்துவிடும்.

தண்ணீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். உப்புத் தண்ணீர் பட்டால் பாசி பழுப்பாகும். மழை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது உத்தமம். ஜாடியை வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். வடக்கு ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்புறம் கண்ணாடியே பேசும். காலையில் ஒரு பக்கம் லேசாகப் பனி படர்ந்து, பிறகு விலகினால் எல்லாம் சௌக்கியம். நாள் முழுவதும் கண்ணாடி வியர்த்தே இருந்தால் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். பனியே படராமல் பாசி வெளுத்தால், நாலு தடவை தெளித்து மூடுங்கள். அழுகிய இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

குற்றாலத்துச் செடியை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு புறம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்காகவே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் அதே நெல்லைச் சீமையில் இருந்திருக்கிறார்கள் என்பது மறு புறம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த மாணிக்கமும் இருதயராஜும் 1992-இல் அவற்றைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். அபூர்வமான பெரணிகளை, இலையடியில் விளையும் தூள் போன்ற வித்திலிருந்து வளர்த்தெடுக்கும் வேலையும் அந்தக் கல்லூரியில் நடந்திருக்கிறது. ஒருவர் பொறுமையாக வளர்ப்பதை நாம் டிபன் டப்பாவில் அள்ளலாமா?

இந்த ஆண்டு சீஸனுக்கும் போனேன். சுக்குக் காப்பிப் பாட்டி அடையாளம் கண்டுகொண்டார்.

“பாசி பிழைச்சுதா?”

“இங்கேயிருந்து கொண்டு போனது செத்துவிட்டது, பாட்டி. எங்கள் வீட்டுப் பாசி நன்றாக இருக்கிறது.”

“அப்பம் சரி” என்று சொல்லி, டம்ளரை நிரப்பி நீட்டினார். திரும்பும்போது என் டிபன் டப்பாவில் மங்குஸ்தான் பழம்தான் இருந்தது.