மரத் தளத்துக்கு ஏற்ற காப்புப் பூச்சு

கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் தாராளமாகக் கிடைக்கும் நமது நாட்டில், மரத்தாலான தளம் எல்லா வீடுகளிலும் காணப்படுவதன்று. எனினும், காஷ்மீரம், சிம்லா போன்ற குளிர்ந்த மலைப் பிரதேசங்களிலும், கேரளத்துப் பழைய இல்லங்களின் மாடிகளிலும், நகரங்களில் உள்ள உள்ளரங்கு விளையாட்டுக் கூடங்களிலும் மரத் தளங்கள் நெடுங்காலமாக உபயோகத்தில் இருந்து வருகின்றன. அண்மைக் காலத்தில் நகரத்து வீடுகளிலும் தேக்குப் பலகை பதிப்போர் பெருகியுள்ளனர்.

இவ்வாறு தளம் அமைப்பவர் ஒவ்வொருவரும் இறுதியில் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர்: இத்தளத்துக்கு எதைப் பூசுவது? கடைக்காரர் ஒன்றைச் சொல்லுவார். தச்சர் வேறொன்றைச் சொல்லுவார். உண்மையில் எல்லா மரத்துக்கும் எல்லா அறைக்கும் ஏற்ற ஒரே பூச்சு என்று எதுவும் இல்லை. மரத்தின் இயல்பு, பூச்சின் இயல்பு, அறையின் உபயோகம் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே தேர்வு செய்ய வேண்டும்.

இத்தேர்வில் நேரும் தவறு எளிதில் திருத்தக் கூடியதன்று. பொருந்தாத பூச்சை நீக்குவதற்குத் தளம் முழுவதையும் இயந்திரத்தால் தேய்க்க வேண்டியிருக்கும். சுமார் 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில், காடிக்கு மேலே தேய்மானத்துக்கு உரியது ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே ஆகும். ஒவ்வொரு முறை முழுமையாகத் தேய்க்கும்போதும் அதிலிருந்து அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடும். காட்டில் பல பத்தாண்டுகள் வளர்ந்து முதிர்ந்த மரத்தின் ஆயுளை நமது அவசரத்தால் குறைத்துவிடலாகாது.

மரமும் ஈரமும்

வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுக்கொண்டும் வெளிவிட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவிகிதமாக இருக்கும்போது மரத்தில் தங்கும் ஈரம் அதன் உலர்ந்த எடையில் சுமார் 6 சதவிகிதமாகும். ஒப்பு ஈரப்பதம் 65 சதவிகிதமானால் அது சுமார் 12 சதவிகிதமாகவும், 90 சதவிகிதமானால் சுமார் 20 சதவிகிதமாகவும் உயரும். வட இந்தியச் சமவெளியின் வறண்ட கோடையையும், அதைத் தொடர்ந்து வரும் மழைக்காலத்தையும் நினைத்துப் பார்த்தால், ஓராண்டுக்குள் ஒரு பலகை எத்தகைய மாறுதலுக்கு உள்ளாகிறது என்பது விளங்கும்.

ஈரம் ஏறினால் மரம் அகலத்தில் விரிகிறது, இறங்கினால் சுருங்குகிறது. நீளவாட்டில் இம்மாறுதல் மிகச் சொற்பமே. ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதிகம் அசையாத மரம் எனப் பெயர் பெற்ற தேக்கும் இதற்கு விலக்கன்று. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை, வளையப் போக்கில் அறுக்கப்பட்டதாயின், ஈரம் 6 சதவிகிதம் மாறும்போது 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே அகலம் மாறும். மூன்று மீட்டர் அகலமுள்ள அறையில் இத்தகைய முப்பது பலகைகள் இருக்குமாதலால், மொத்த மாறுதல் 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும்.

எந்தப் பூச்சும் இவ்வசைவை அறவே தடுத்துவிடாது. ஈரம் புகும் வேகத்தை அது குறைக்கும்; அவ்வளவே. ஆகவே, நன்கு பதப்படுத்திய மரத்தை வாங்குவதும், அதைப் பதிக்கப்போகும் அறையிலேயே சில நாட்கள் அடுக்கி வைப்பதும், சுவரோரத்தில் இடைவெளி விடுவதும் பூச்சுக்கு முந்திய கடமைகளாகும். பச்சை மரத்தின் மீது பூசிய விலையுயர்ந்த வார்னிஷும் வெடித்துப் போகும்.

ஊறும் பூச்சும் படரும் பூச்சும்

தளத்துக்குரிய பூச்சுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். மரத்தின் துளைகளுக்குள் ஊறி அங்கேயே இறுகுவன ஒரு வகை. மேற்பரப்பில் ஏடு போலப் படர்ந்து நிற்பன மற்றொரு வகை.

முதல் வகையில் பழமையானது ஆளிவிதை எண்ணெய். இது நீர் ஆவியாவது போல உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. பச்சை எண்ணெய் உலரப் பல நாட்களாகும். உலர்த்திகள் சேர்த்த எண்ணெய் ஏறத்தாழ ஒரு நாளில் உலரும். இது மரத்தின் நிறத்தை ஆழப்படுத்தி அழகூட்டும். ஆனால் நீரையும் தேய்மானத்தையும் தாங்கும் சக்தி குறைவு. தேன்மெழுகு மென்மையான பளபளப்பைத் தரும். ஆயினும் தனியாகப் பூசினால் சிந்திய நீர் உடனே கறையாகும்.

இவ்விரண்டின் நற்குணங்களையும் சேர்த்து, எண்ணெயுடன் கடின மெழுகுகளைக் கலந்து செய்யும் பூச்சுகள் இப்போது கிடைக்கின்றன. இவற்றின் பெரும் சிறப்பு, தேய்ந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து மீண்டும் பூசலாம் என்பதே. அவ்வப்போது பராமரிப்பதற்கு மனமுள்ள வீட்டாருக்கு இது மிகவும் ஏற்றது.

படரும் பூச்சுகளில் நமது நாட்டுக்கே உரியது அரக்கு. புரசு, இலந்தை, குசுமம் ஆகிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. இதனை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சாராயத்தில் கரைத்துப் பூசினால் அரக்கு விரைவில் உலர்ந்து, கண்ணாடி போன்ற மெருகைத் தரும். ஆனால் நீர் தேங்கினால் வெண்மை படரும். சூடான பாத்திரம் பட்டால் இளகும். சாராயம் பட்டால் கரையும். ஆகையால் நடமாட்டம் மிகுந்த தளத்துக்கு மேற்பூச்சாக இது ஏற்றதன்று. ஆயினும், மெழுகு நீக்கிய அரக்கு அடிப்பூச்சாக அரும்பணி புரிவதைப் பின்னர்க் காண்போம்.

இன்று தளங்களுக்குப் பெரிதும் உபயோகிக்கப்படுவது பாலியூரிதேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் கண்ட ரசாயன முறையிலிருந்து தோன்றியது இது. எண்ணெய் கலந்த வகை சற்றே மஞ்சள் சாயலுடையது, நாளடைவில் அச்சாயல் மிகும், உலர ஓர் இரவேனும் ஆகும், நெடியும் அதிகம். நீரில் கலந்த வகை நிறமற்றது, சில மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயாராகும், நெடியும் குறைவு. ஆனால் அதிலுள்ள நீர் மரத்தின் நார்களைச் சிலிர்க்கச் செய்வதால், முதற் பூச்சுக்குப் பின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். இரு பகுதிகளாக வந்து, உபயோகிக்கும் சமயத்தில் கலக்கப்படும் வகை இவற்றிலும் கடினமானது. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் இப்பூச்சுகள் முழு வலிமை பெறப் பல நாட்கள் ஆகும். அதுவரை கம்பளம் விரிப்பதும் கனமான சாமான்களை இழுப்பதும் கூடா.

படரும் பூச்சுக்கு ஒரு குறை உண்டு. கீறல் விழுந்த இடத்தை மட்டும் பூசினால் திட்டாகத் தெரியும். முழுத் தளத்தையும் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

மரத்தின் குணம்

தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையானையும் ஈரத்தையும் எதிர்க்கும் இதே பசை, பூச்சு ஒட்டுவதற்குத் தடையாகவும் நிற்கும். ஆகவே புதிதாகத் தேய்த்த தேக்குப் பரப்பைத் தகுந்த கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, தாமதமின்றிப் பூச வேண்டும். ஈட்டி மரத்திலுள்ள சில பொருள்கள் எண்ணெய் சார்ந்த பூச்சுகளை உலர விடாமலே தடுக்கும். நாட்கள் பல கழிந்தும் தளம் பிசுபிசுப்பாகவே இருக்கும். மெழுகு நீக்கிய அரக்கை முதலில் பூசினால் மரத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையே அது சுவராக நிற்கும். அரக்கில் மெழுகு இருந்தாலோ அதன்மேல் பாலியூரிதேன் சரியாகப் பற்றாது. எதுவாயினும், மிஞ்சிய பலகைத் துண்டொன்றில் முதலில் பூசிப் பார்ப்பதே அறிவுடைமை.

அறைக்கேற்ற தேர்வு

வாயில், நடை, உணவறை ஆகியவற்றில் மண்ணும் நீரும் நடமாட்டமும் மிகுதி. இங்கே மூன்று முறை பூசிய பாலியூரிதேன் சிறந்தது. செருப்பின்றி நடக்கும் படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் எண்ணெய் மெழுகுப் பூச்சு போதும். மழைக்காலத்தில் பலகைகள் பெரிதும் விரிந்து சுருங்கும் கடலோரத்தில், கடினமான ஏடு இணைப்புகளின் மேல் கிழியக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மழை நாட்களில் பூச்சு வேலையைத் தொடங்காதிருப்பது நலம்.

பழைய தளமாயின், முன்னர்ப் பூசப்பட்டது எது என அறிய எளிய சோதனை உண்டு. மறைவான மூலையில் ஒரு துளி சாராயம் இடுக. பரப்பு இளகினால் அது அரக்கு. நகத்தால் சுரண்டும்போது மெழுகு திரண்டு வந்தால், அதை முற்றிலும் நீக்கிய பின்னரே வேறு பூச்சு பூசலாம். ஒரு துளி நீர் சில நிமிஷங்களுக்குள் மரத்தில் ஊறிக் கறுத்தால், பழைய காப்பு தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். பாலியூரிதேன் பூசிய தளம் மங்கத் தொடங்கும்போதே இலேசாகத் தேய்த்து மேலும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், மரத்தை அறவே தொடாமல் தளத்தைப் புதுப்பிக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்தானது. எண்ணெய் பிராணவாயுவோடு சேரும்போது உஷ்ணம் பிறக்கிறது. குவியலுக்குள் அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சியின் உதவியில்லாமலே துணி தீப்பற்றும். இத்துணிகளை வெளியே விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

இரு பகுதிப் பூச்சுகளிலுள்ள ஐசோசயனேட்டுகள் மூச்சிரைப்பு நோயை உண்டாக்கக் கூடியவை. தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இன்றி இவற்றைக் கையாளலாகாது. வீட்டு உபயோக வண்ணப் பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் என வரையறுக்கும் விதிகள் நமது நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வண்ணம் பூசிய தளத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். தவழும் குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

பூச்சு எதுவாயினும், அதன் ஆயுளை நிர்ணயிப்பது அன்றாடப் பராமரிப்பே. உப்புத்தாளைப் போலத் தளத்தை அராவும் மணலை நாள்தோறும் மெல்லிய துடைப்பத்தால் அகற்றுதல், வாயிலில் மிதியடி இடுதல், நன்கு பிழிந்த துணியால் மட்டுமே துடைத்தல், சிந்திய நீரை உடனே ஒற்றியெடுத்தல் ஆகிய இவை செலவற்றவை. இவற்றைக் கடைப்பிடிக்கும் வீட்டில், இன்று பதித்த தளத்தின் மீது அடுத்த தலைமுறையினரும் நடந்து மகிழ்வர்.