நீலத்தின் பக்கத்தில் மஞ்சள் படகு ஏன் பளிச்சென்று தெரிகிறது?

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கரையைப் படமாகத் தீட்டுகிறீர்கள். படகுக்குப் பூசிய மஞ்சள் மங்கலாக இருக்கிறது. சுற்றிலும் கடலின் நீலத்தைத் தீட்டியதும் அதே மஞ்சள் பளிச்சிடுகிறது. எப்படி?

லட்டு தின்றபின் காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரையே போடாததுபோலக் கசக்கும். கண்ணும் அப்படித்தான். நிறத்தைத் தனியாக அளக்காது. பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டே சொல்லும். பார்வை நரம்பணுக்களில் சில, நீலத்தையும் மஞ்சளையும் எதிரெதிராகவே உணர்கின்றன. சுற்றிலும் நீலம் நிறைந்தால், நடுவிலிருப்பது மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரியும்.

பாரிஸின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் மங்குகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நூல்களின் நிறம்தான் காரணம்! அதை விளக்கி 1839-இல் புத்தகமே எழுதினார். ஓவியர்கள் அதை ஆவலோடு படித்தார்கள்.

ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நீலத் தாள்மீதும் மற்றதை மஞ்சள் தாள்மீதும் வையுங்கள். முதல் துண்டில் லேசான மஞ்சள் சாயல் தெரிகிறதா?