தற்காப்புச் சாரத்தியம்

மோட்டார் வண்டியைச் செலுத்துதல் கைக்கும் காலுக்கும் உரிய தொழில் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. சுக்கானைத் திருப்பவும், கியரை மாற்றவும், பிறேக்கை மிதிக்கவும் பழகிய ஒருவன் சாரதியாகிவிட்டான் என்றே ஊரார் எண்ணுவர். அனுமதிப்பத்திரமும் கைக்கு வந்துவிட்டால் அவனும் அவ்வாறே எண்ணுவான். ஆயினும் கையும் காலும் நன்கு பழகியவர்களே விபத்துக்குள்ளாவதை நாடோறும் காண்கின்றோமல்லவா? காணவேண்டியதைக் காலத்திற் காணாமையும், கண்டபின் நிற்பதற்குப் போதிய தூரம் இல்லாமையுமே இவற்றுட் பலவற்றுக்குக் காரணமாகும். இக்குறையை நீக்குதற்கு எழுந்த பயிற்சியே தற்காப்புச் சாரத்தியம் எனப்படுவது.

இதன் தோற்றத்தை 1930களின் இங்கிலாந்திற் காணலாம். இலண்டன் மாநகரப் பொலிசார் தம் சாரதிகளைப் பயிற்றுதற்கென ஹெண்டன் என்னுமிடத்தில் ஒரு பள்ளியை நிறுவினர். அதன் பயிற்சி முறையை வகுப்பதற்குத் துணைநின்றவர் கொட்டனம் பிரபு. அவர் 1920களிற் பந்தய வண்டி ஓட்டியவர். விரைவில் ஊறிய ஒருவர் நிதானத்தைக் கற்பிக்க வந்தமை வியப்பன்று. விரைவின் இயல்பை அவரறிந்த அளவு பிறர் அறிந்திலர். அம்முறை 1955 இல் 'றோட்கிராவ்ற்' என்னும் நூலாகப் பொதுமக்களுக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் ஹரல்ட் சிமித் என்பார் இதனையொத்த பயிற்சியை 1952 இல் தொடங்கினார். 1964 இல் அந்நாட்டுத் தேசிய பாதுகாப்புச் சபை தற்காப்புச் சாரத்தியம் என்ற பெயராலேயே ஒரு பாடநெறியை நடத்தத் தலைப்பட்டது.

இப்பயிற்சிகளின் உயிர்நாடியாக உள்ளது ஒரு விதி. தனக்கு முன்னே தடையின்றித் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே ஒருவன் செல்லவேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதியின் ஆழத்தைச் சிறிது கணக்கின் துணைகொண்டே உணரமுடியும்.

வண்டி நிற்பதற்கு முன் செல்லும் தூரம் இரு கூறுகளை உடையது. ஆபத்தைக் கண் கண்டு, மூளை அறிந்து, கால் பிறேக்கை மிதிக்கும் வரையில் வண்டி வேகங் குறையாது ஓடும் தூரம் முதலாவது. பிறேக் பற்றியபின் நிற்கும் வரை செல்லும் தூரம் இரண்டாவது. முதற்கூறு வேகத்துக்கு நேர்விகித சமமாக வளரும். இரண்டாவது வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாக வளரும். பிறேக் அழிக்கவேண்டியது வண்டியின் இயக்கச் சத்தியை ஆதலின் என்க. வேகம் இருமடங்கானால் இத்தூரம் நான்மடங்காகும். பௌதிகம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவன் இச்சூத்திரத்தைத் தூக்கத்திலும் ஒப்பிப்பான். அவனே மாலையில் மோட்டார்ச் சைக்கிளில் ஏறியதும் அதனை வகுப்பறையிலேயே விட்டுச் செல்வதுதான் விந்தை.

உலர்ந்த தார் வீதியில், நல்ல ரயர்களுடன், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வண்டி செல்கின்றது. ஆபத்தைக் கண்டு பிறேக்கை மிதிக்கச் சாரதிக்கு ஒரு செக்கன் ஆகின்றதெனவும், பின்னர் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 7 மீற்றர் எனவும் கொள்க. மிதிக்குமுன் ஏறக்குறைய 14 மீற்றர், மிதித்தபின் 14 மீற்றர், ஆக 28 மீற்றரில் வண்டி நிற்கும். கிரிக்கெற் ஆடுகளத்தின் இரு விக்கற்றுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 20 மீற்றரளவே என்பதை நினைந்தால் இதன் நீளம் விளங்கும்.

இனி, அதே இடத்தில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் இன்னொரு வண்டியைக் கருதுக. 28 மீற்றருக்கு அப்பால் பள்ளிச் சிறுமியொருத்தி திடீரென வீதிக்கு வந்துவிடுகின்றாள். முதல் வண்டி அவளைத் தொடாது நின்றுவிடும். இரண்டாவது வண்டியோ பிறேக் பற்றுமுன்னரே 17 மீற்றரைக் கடந்துவிடும்; எஞ்சியது 11 மீற்றர். அது எவ்வளவு வேகத்தில் மோதும்? மணிக்கு 10 கிலோமீற்றர் என்று பலர் விடையிறுப்பர். கணக்குக் கூறுவது மணிக்கு 40 கிலோமீற்றர். நம்ப மறுப்போர் தாமே கணித்துப் பார்க்கலாம். அந்த மிகை வேகத்தால் சாரதி பெற்ற இலாபம், 10 கிலோமீற்றர் வழிக்கு இரண்டு நிமிடம்.

ஒரு செக்கன் என்பதும் விழிப்புடனிருப்பவனுக்கே பொருந்தும். எதிர்பாராது திடுக்குற்றவனுக்கு ஒன்றரைச் செக்கன் ஆகலாம். அதற்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஆடுகளம் முழுவதும் கடந்துபோகும். கைத்தொலைபேசியை நோக்கியிருப்பவன் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! நிற்கும் தூரத்தின் இரண்டாங்கூறு பௌதிக விதிக்கு அடங்கியது. வண்டி உருளத் தொடங்கியபின் அதனொடு வழக்காட முடியாது. முதற்கூறு சாரதியின் மனத்துக்கு அடங்கியது. தற்காப்புப் பயிற்சி பெரிதும் தொழிற்படுவது இங்கேதான்.

வீதியோரத்தில் நிற்கும் பஸ் வண்டியொன்றைக் கடப்பதாயின், பயின்ற சாரதி அதன் அடிப்புறத்தை நோக்குவான். சக்கரங்களுக்கிடையே முன்புறமாக நகரும் கால்கள் தென்பட்டால், அக்கால்களுக்குரியவர் அடுத்த கணம் பஸ்ஸின் முன்னிருந்து வெளிப்படக்கூடும் என அறிவான். ஒழுங்கையிலிருந்து பந்து உருண்டு வந்தால், பின்னால் வரப்போகும் பிள்ளைக்காக அப்பொழுதே வேகத்தைக் குறைப்பான். அவன் கால் முன்னரே பிறேக்கின்மீது இருக்கும். சந்தியில் முன்னுரிமை தனக்கே உரியதாயினும், மறுபக்கத்திலிருந்து வரும் முச்சக்கரவண்டிக்காரன் தன்னைக் கண்டானா என்று பார்த்தே செல்வான். முன்னுரிமை நீதிமன்றத்திற் பயன்படும் பொருள். மோதுகின்ற லொறியை அது தடுத்து நிறுத்தாது.

முன்னே செல்லும் வண்டிக்குப் பின்னால் விடவேண்டிய இடைவெளியை அளப்பதற்கு எளிய வழியொன்றுண்டு. முன்வண்டி ஒரு தந்திக்கம்பத்தையோ பனையையோ கடக்கும்போது 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என நிதானமாக எண்ணவேண்டும். எண்ணி முடியுமுன் அக்கம்பத்தை அடைந்தால், நெருங்கிவிட்டதென்பது பொருள். வேகம் எதுவாயினும் இவ்வளவை பொருந்தும். வீதி நனைந்திருப்பின் எண்ணிக்கையை இரட்டிக்கவேண்டும். நீண்ட வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழை இவ்வகையிற் கொடியது. மாதக்கணக்காக வீதியிற் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரொடு கலந்து வழுக்கும். அடைமழை பெய்து கழுவிய வீதி அவ்வளவு வழுக்குவதில்லை. வடபகுதியில் ஐப்பசி மாதத்து முதற் சாரலில் மகிழ்ந்து விரைவோர் இதனை எண்ணுவதில்லை.

இரவில் மேற்கூறிய விதி இன்னும் கடுமையாகும். வண்டியின் தாழ்விளக்கு 40 மீற்றர் வரை காட்டுகின்றதெனின், மணிக்கு 60 கிலோமீற்றரிற் செல்பவன் 37 மீற்றரளவில் நின்றுவிடலாம். 70 கிலோமீற்றரிற் செல்பவனுக்கு 46 மீற்றர் வேண்டும். அவன் தன் விளக்கொளியை முந்திக்கொண்டு இருளுக்குள் ஓடுகின்றான். அவ்விருளிற் கட்டாக்காலி மாடு படுத்திருக்கலாம். விளக்கில்லாத சைக்கிளில் ஒரு முதியவர் போய்க்கொண்டிருக்கலாம். எதிர்வண்டியின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும்போது 40 மீற்றரும் தெரியாது. அப்பொழுது வீதியின் இடது விளிம்பை நோக்கியபடி மெல்லச் செல்வதே செய்யத்தக்கது.

அச்சைக்கிள்காரரும் தம்மளவிற் செய்யத்தக்கது உண்டு. பின்சக்கரக் காப்பிற் பொருத்தும் சிவப்புத் தெறிகண்ணாடி சிறுவிலையது. விளக்கொளி பட்டதும் நெடுந்தூரத்திலேயே மின்னும். நடைபாதையில்லா வீதியில் நடப்போர் வலப்புறமாக, வரும் வண்டிகளை எதிர்நோக்கி, வெண்ணிற ஆடையுடன் நடந்தால், சாரதி அவர்களைக் காணத் தவறினும் அவர்கள் வண்டியைக் கண்டு ஒதுங்கிக்கொள்வர்.