தேநீரும் இருக்கைப் பட்டையும்

2024-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே, 37,000 அடி உயரத்தில், காற்றுக் கொந்தளிப்பில் சிக்கிற்று. காலையுணவு வேளை. 4.6 விநாடிகளில் 178 அடி தாழ்ந்தது. பட்டை அணியாதோர் தூக்கியெறியப்பட்டனர். பயணி ஒருவர் உயிர் நீத்தார்.

பின்னர் அந்நிறுவனம், பட்டை விளக்கு எரிகையில் சூடான பானத்தை மட்டுமன்று, உணவையும் நிறுத்திற்று. பணியாளரும் அமர்ந்தாக வேண்டும் என்றது. கொரியன் ஏர் அவ்வாண்டு ஆகஸ்டில் சாதாரண வகுப்பில் கொதிநீர் நூடுல்ஸையே கைவிட்டது.

விமானியின் நிலையோ இக்கட்டானது. விளக்கை ஓயாது எரியவிட்டால் எவரும் மதியார். அணைத்தாலோ, மேகமற்ற வானத்துக் கொந்தளிப்பை ரேடார் காட்டாது, ஏனெனில் அது காண்பது மழைத்துளிகளையே. தேநீர் தாமதித்ததற்காக முகஞ்சுளித்த பயணிகளுள் நாமும் ஒருவராய் இருந்ததுண்டு. அப்போது விமானி எதை எண்ணி விளக்கை எரியவிட்டிருந்தாரோ!